குணமான மலேரியா மறுபடி வந்திருக்கிறது, கால்வாய்க் கொசுதான் காரணமா? (கொருக்குப்பேட்டை)

கொருக்குப்பேட்டை_அக்கா

வணக்கம். வடசென்னைப் பக்கம் மலேரியா பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் போடுங்கள், கொஞ்சம் அவசரம்.

என் தம்பிக்குத் துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. ஆடி மாதம் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அப்புறம் ஒரு மதியம் பல் கிட்டிக்கொள்கிற அளவுக்குக் குளிர், வீட்டில் இருந்த போர்வை எல்லாம் போர்த்தியும் கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம், ஒரு மணி நேரம் கழித்து உடம்பு அனலாகக் கொதித்து, அதற்கும் பிறகு பனியனைப் பிழிகிற மாதிரி வியர்த்துக் கொட்டி, எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் திரும்ப அதே குளிர். ஒரு கிளினிக்கில் கார்டு டெஸ்ட் எடுத்து விவாக்ஸ் மலேரியா என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், சீக்கிரமே சரியாகிவிட்டது.

இப்போது தீபாவளி முடிந்த கையோடு மறுபடியும் அதே குளிர் நடுக்கம். டெஸ்டில் திரும்பவும் விவாக்ஸ்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது, ஓடுகிறது என்று சொல்வதைவிட நிற்கிறது என்று சொல்லலாம். தெருவில் எல்லோரும் அந்தக் கொசுதான் காரணம் என்கிறார்கள், மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தெரிய வேண்டியது: புதிதாகக் கொசு கடித்து வந்ததா, பழசே திரும்பியதா? தம்பி மனைவி ஏழு மாதம். ஒரே அறையில் இருக்கலாமா, தட்டு டம்ளர் பிரித்து வைக்க வேண்டுமா? அம்மா பிரித்துத்தான் வைத்திருக்கிறார்.

ஸ்லைடு_பார்ப்பவள் (தண்டையார்பேட்டை)

அக்கா, நான் லேப் டெக்னீஷியன். முதலில் தட்டு விஷயம். மலேரியா தட்டில், டம்ளரில், இருமலில், தொட்டுப் பேசுவதில் பரவவே பரவாது. ஒருவர் ரத்தத்தைக் குடித்த பெண் அனாபிலிஸ் கொசு, உள்ளே கிருமி வளர்ந்து எச்சிலுக்கு வந்து சேர நம் ஊர் வெயிலில் பத்துப் பன்னிரண்டு நாளாவது பிழைத்திருந்து, அப்புறம் இன்னொருவரைக் கடித்தால்தான் உண்டு (ரத்தம் ஏற்றும்போதும், தாயிடமிருந்து வயிற்றுக் குழந்தைக்கும் போக வாய்ப்பு உண்டு, அது தனி). அம்மாவிடம் சொல்லித் தட்டைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், உடம்பு முடியாமல் கிடக்கிற பிள்ளைக்கு அது பெரிய மனக்கஷ்டம்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் தம்பிக்கு வந்தது பழசு திரும்பியதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விவாக்ஸ் கிருமி கொசுக்கடியில் உள்ளே போனதும் நேராக ரத்தத்துக்குப் போவதில்லை, முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கே போனதில் ஒரு பங்கு உடனே பெருகி ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் புகுந்து, ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு ஒரு முறை அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த உடையும் நேரத்தில்தான் குளிர், நடுக்கம் எல்லாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது அதனால்தான், பெரியவர்கள் இதை முறைக்காய்ச்சல் என்பார்கள். இன்னொரு பங்கு ஈரலிலேயே தூங்கிக் கிடக்கும், வெயிலில் காய்ந்த மண்ணுக்கடியில் கோரைக்கிழங்கு கிடந்து மழைக்கு முளைக்கிற மாதிரி, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ, சிலருக்கு ஒரு வருடம் தாண்டியோ எழுந்து வரும். இதற்கு ஹிப்னோசோயிட் என்று பெயர். தூங்குகிற வரை ரத்தப் பரிசோதனையில் தெரியாது. நான் மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் ரத்தத்திலேயே இருக்காது.

அதனால்தான் விவாக்ஸுக்கு இரண்டு மருந்து. குளோரோகுயின் மூன்று நாள், அது ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும். அதிலேயே காய்ச்சல் நின்றுவிடும். ஈரலில் தூங்குவதற்குப் பிரைமாகுயின், அது 14 நாள். தம்பி அதைச் சாப்பிட்டானா? பழைய சீட்டு இருந்தால் பாருங்கள்.

கூடவே ஒரு ஸ்லைடும் பார்த்துவிடுவது நல்லது. விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தடிமனாகவும் ஒரு சொட்டை மெல்லியதாகவும் தேய்ப்போம். தடிமனானதில் கிருமி இருக்கிறதா என்று தெரியும், மெல்லியதில் எந்த வகை, எத்தனை என்று தெளிவாகத் தெரியும். ஃபால்சிபாரம் என்கிற இன்னொரு வகை மலேரியாவும் கலந்திருந்தால் வைத்தியமே மாறும், அது மூளை வரைக்கும் போகக்கூடியது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

கொருக்குப்பேட்டை_அக்கா

பீரோவில் தேடினேன். மூன்று நாள் மாத்திரை அட்டை முழுக்கக் காலி. இன்னொரு அட்டையில் நான்கோ ஐந்தோதான் கிழிக்கப்பட்டிருக்கிறது, மிச்சம் அப்படியே இருக்கிறது. பின்னால் பிரைமாகுயின் என்று போட்டிருக்கிறது. கேட்டால், காய்ச்சல் நின்றுவிட்டதே, விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகும்போது வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது என்று நிறுத்திவிட்டேன் என்கிறான். எதற்காக அந்த 14 நாள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பான். மிச்சம் இருப்பதை இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லலாமா?

ராயபுரம்_நர்ஸ்

வேண்டாம், அந்த அட்டையைத் தொடாதீர்கள். டாக்டரைப் பார்த்து முதலில் இருந்து முழுசாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். குளோரோகுயினும் மறுபடி வேண்டும், பிரைமாகுயின் அளவு எடையைப் பார்த்துக் கணக்கிடுவது.

அதைவிட முக்கியம் ஜி6பிடி என்கிற பரிசோதனை. சிவப்பணுவைப் பாதுகாக்கிற ஒரு நொதி அது, சிலருக்குப் பிறப்பிலேயே குறைவாக இருக்கும், ஆண்களில் அதிகம். அப்படிப்பட்டவர்கள் பிரைமாகுயினைத் தினமும் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து போகும். குறைபாடு இருந்தால் வைத்தியமே இல்லை என்று அர்த்தம் இல்லை, வாரம் ஒரு முறை என்று எட்டு வாரம் டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கிற முறை இருக்கிறது. மாத்திரை சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வயிறு இழுப்பதற்கு வழி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவதுதான். காலை ஷிஃப்ட் என்றால் ராத்திரி சாப்பிட்டதும் போடட்டும், நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் போதும். அந்த 14 நாளும் வீட்டில் ஒருவர் கையில் எடுத்துக் கொடுங்கள், காய்ச்சல் இல்லாதபோது மாத்திரை ஞாபகம் யாருக்கும் இருக்காது.

இப்போது தம்பி மனைவி. ஒரே அறையில் தாராளமாக இருக்கலாம், ஆனால் இரண்டு பேரும் கொசுவலைக்குள். அவன் தனியாக வலைக்குள் படுத்தாலும் நல்லதுதான், ஏனென்றால் விவாக்ஸில் காய்ச்சல் தெரிய ஆரம்பிக்கிற நேரத்திலேயே கொசுவுக்குப் பரவக்கூடிய வடிவம் ரத்தத்தில் வந்துவிடுகிறது, அவனைக் கடித்த கொசு அந்த வீட்டிலேயே சுவரில் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் மலேரியா வந்தால் ரத்தசோகை, எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம் எல்லாம் வரும். அவளுக்குப் பிரைமாகுயின் கூடவே கூடாது, வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு ஜி6பிடி எப்படி என்று யாருக்கும் தெரியாது. குளோரோகுயின் கொடுக்கலாம், அதுவும் டாக்டர் சொல்லித்தான். தம்பியின் மாத்திரையில் இருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், எங்கள் பக்கம் அப்படிச் செய்கிற வீடுகள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நிலவேம்புக் கஷாயம் கொடுப்பதானால் கொடுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக இல்லை.

வியாசை_வாசி

மாத்திரை விஷயம் சரி. ஆனால் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் பேச வேண்டும். கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா என்கிற ஓடை, மூன்றும் நம் வீட்டு வாசலில்தான் வந்து நாறுகின்றன. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்து ஒரு டீ குடிக்க முடியாது. தென்சென்னையில் இப்படி விட்டுவைப்பார்களா? புகை அடிக்கிற வண்டி எப்போதாவது வரும், மெயின் ரோட்டோடு போய்விடும், சந்துக்குள் வராது. அதோடு இப்போது எல்லா இடத்திலும் கட்டட வேலை, வெளி மாநிலத்து ஆட்கள் வந்து தங்குகிறார்கள், அவர்கள் ஊரிலிருந்து மலேரியாவைக் கொண்டுவருகிறார்கள் என்று பேப்பரிலேயே போடுகிறார்கள். முதலில் கால்வாயைத் தூர் வாரச் சொல்லி மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பழைய_மலேரியா_ஊழியர் (திருவொற்றியூர்)

தம்பி வியாசை, உங்கள் கோபம் நியாயமானது, மனுவில் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்தக் கால்வாய் முழுக்கச் சுத்தமாகிக் கண்ணாடி மாதிரி ஓடினாலும் இந்த அக்கா வீட்டு மலேரியா போகாது. வேலை பார்த்த காலம் முழுக்க வடசென்னையில் வீடு வீடாக மாடி ஏறி டேங்க் பார்த்தவன் நான், இதை மட்டும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீளமாக இருந்தாலும் படியுங்கள்.

கால்வாயில், சாக்கடையில் வளர்வது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. நீங்கள் டீ குடிக்க முடியாமல் போவது அதனால்தான். அது பரப்புவது யானைக்கால் நோய். அந்தக் கிருமி ராத்திரியில்தான் தோலுக்கருகே ரத்தத்துக்கு வரும் என்பதால், ஃபைலேரியா பிரிவு ஆட்கள் ஊர் அடங்கிய பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பி ரத்தம் எடுப்பார்கள், திட்டு வாங்காத நாள் இருக்காது. க்யூலெக்ஸ் மலேரியாவைப் பரப்பாது, அந்தக் கிருமி அதன் உடம்பில் வளராது.

சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. அது நல்ல தண்ணீர்க் கொசு. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, சம்ப், கட்டட வேலையில் கான்கிரீட்டுக்கு ஊற்றி நிறுத்துகிற தண்ணீர், லிஃப்டுக்குத் தோண்டிய குழி, இதெல்லாம் அதன் இடம். டெங்கு ஏடிஸும் வீட்டுத் தண்ணீரில்தான், ஆனால் டிரம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு என்று சின்னச் சின்ன இடம் பார்க்கும், பகலில் கடிக்கும். ஸ்டீபன்சி பொழுது சாய்ந்த பிறகு கடிக்கும். அதிக தூரமும் பறக்காது. ஒரு வீட்டில் விவாக்ஸ் என்று எங்களுக்குச் சீட்டு வந்தால் அந்த வீட்டையும் சுற்றி இருக்கிற வீடுகளையும்தான் முதலில் ஏறிப் பார்ப்போம், பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

வடசென்னையில் ஏன் இவ்வளவு என்றால் தண்ணீர்தான். குழாயில் எப்போது வரும் என்று நிச்சயம் இல்லாத இடத்தில் ஜனங்கள் பிடித்து வைக்கத்தான் செய்வார்கள். 2019ல் ஏரிகள் வற்றிப் போனபோது லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை நின்ற ஊர் இது, டிரம்மைக் கவிழ்த்து வை என்று யாரிடம் சொல்வது? பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளுக்கு நடுவில் இன்றைக்கும் கிணறு இருக்கும், பாதி மூடியும் பாதி திறந்தும். அதில் நாங்கள் கம்பூசியா மீன் விடுவோம், புழுவைத் தின்றுவிடும்.

கொசுப் புழுவைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தொட்டி மூடியைத் திறந்ததும் தண்ணீரைக் கலக்காமல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். தண்ணீரின் மேல்மட்டத்தோடு ஒட்டி, குச்சி மிதக்கிற மாதிரி படுத்திருந்தால் அனாபிலிஸ். மூச்சுக்குழாயை மேலே நீட்டித் தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் க்யூலெக்ஸோ ஏடிஸோ. நிழல் பட்டதும் சட்டென்று கீழே இறங்கிவிடும், கொஞ்சம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மேலே வரும். தொட்டியின் ஓரத்தைப் பாருங்கள், நடுவில் அதிகம் இருக்காது. சுவரில் உட்கார்ந்திருக்கிற கொசுவிலும் வித்தியாசம் தெரியும், அனாபிலிஸ் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து உட்காரும், மற்றவை சுவரோடு சமமாக.

முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி பண்ணித் தேய்த்துக் காயவிடச் சொல்கிறோம். டெங்குக் கொசு முட்டை தண்ணீர் வற்றினாலும் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், தண்ணீரில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது, சில நாளில் அடுத்த செட் பறக்கும். சந்துக்குள் வண்டி வரவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள், மாடி ஏறிப் பார்க்க ஆள் வரவில்லை என்றுதான் நான் வருத்தப்படுவேன்.

இதில் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. 1958ல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி நாடு முழுக்கக் கிராமங்களில் வீட்டுச் சுவரில் டிடிடி என்கிற பூச்சிமருந்தை அடித்தார்கள், கேஸ் அடியோடு குறைந்தது. நகரங்களைச் சரியாகக் கவனிக்கவில்லை, 1971ல்தான் நகர்ப்புற மலேரியாத் திட்டம் என்று தனியாக வந்தது. குறைந்தது மறுபடி ஏறி, 1976ல் நாட்டில் 64 லட்சம் பேருக்கு மலேரியா. இப்போது எவ்வளவோ குறைந்துவிட்டது, 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்பது இந்தியாவின் இலக்கு. இலங்கையில் 2016லேயே மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் மன்னாரில் இந்த ஸ்டீபன்சி கொசு கிணறுகளில் தென்பட்டதும் அவர்கள் பதறிப்போய்த் தேட ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்காவில் இருக்கிற ஜிபூட்டி நாட்டில் 2012ல் இது புகுந்த பிறகு அங்கே மலேரியா பல மடங்கு ஏறியது. நம் தொட்டியில் சாதாரணமாக இருக்கிற கொசு, மற்ற நாடுகள் பயந்து பார்க்கிற கொசு.

வெளி மாநிலத் தொழிலாளிகள் விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. கிருமி மனிதனோடு பயணம் செய்யும், உண்மைதான். அவர்கள் வரும்போதே கொண்டுவருவதும் உண்டு. ஆனால் அவர்கள் தங்குகிற கட்டடத்தில் வாரக்கணக்கில் தண்ணீரைத் தேக்கி வைப்பது கான்ட்ராக்டர். வலை இல்லாமல் தகரக் கொட்டகையில் படுக்க வைப்பதும் அவர்தான். ஊருக்குத் திரும்பும்போது இங்கே கடி வாங்கியதைச் சுமந்துகொண்டு போகிறவர்களும் அவர்களே. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பயப்படாமல் ரத்தம் பார்க்க வருகிற மாதிரி நாம் பேச வேண்டும். ஒளிந்துகொண்டால் நமக்கும் சேர்த்துத்தான் கெடுதல்.

வியாசை_வாசி

ஐயா, நன்றி. அப்படியென்றால் கால்வாய் மனு வேண்டாம் என்கிறீர்களா?

பழைய_மலேரியா_ஊழியர் (திருவொற்றியூர்)

கட்டாயம் கொடுங்கள். யானைக்கால், வெள்ளத்தில் கால்வாய்த் தண்ணீர் குடிநீர்க் குழாயில் கலந்தால் வருகிற காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நடந்தால் எலி மூத்திரத்திலிருந்து வருகிற எலிக்காய்ச்சல், இத்தனைக்கும் அந்தக் கால்வாய் காரணம். மலேரியாவுக்காக என்று மட்டும் எழுதினால், வந்து பார்க்கிற அதிகாரி இங்கே அனாபிலிஸ் இல்லையே என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். காரணத்தைச் சரியாக எழுதுங்கள். தண்ணீர் ஒழுங்காக விடச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள், தினமும் குழாயில் வந்தால் பாதி டிரம் தானாகக் காலியாகிவிடும்.

கொருக்குப்பேட்டை_அக்கா

இன்று காலை தம்பியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ஸ்லைடு எடுத்தார்கள், விவாக்ஸ் மட்டும்தான். ஜி6பிடிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம், முடிவு வந்ததும் பிரைமாகுயின் ஆரம்பிக்கலாம் என்றார்கள், குளோரோகுயின் இன்றே ஆரம்பித்தாயிற்று. தம்பி மனைவிக்கும் ரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வலை வாங்கிக் கட்டிவிட்டேன்.

வந்ததும் மாடி ஏறினேன். எங்கள் சின்டெக்ஸ் மூடி சரியாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் வீட்டுக்காரருடைய பழைய சிமென்ட் தொட்டி ஒன்று இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை, மேலே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, அதில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. ஐயா சொன்ன மாதிரி டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். ஓரத்தில் படுத்த வாக்கில் சின்னச் சின்னக் குச்சிகளாக நிறைய. கையை நீட்டினதும் எல்லாம் காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் திரும்ப மேலே வந்தன. உடம்பு கூசிவிட்டது. அந்தத் தொட்டிக்கு நேர் கீழேதான் தம்பி படுக்கிற அறை. வீட்டுக்காரர் ஊரில் இல்லை, அவரைக் கேட்காமல் தொட்டியைக் காலி பண்ணலாமா? மருந்து ஏதாவது ஊற்றினால் போதுமா?

பழைய_மலேரியா_ஊழியர் (திருவொற்றியூர்)

பயன்படுத்தாத தொட்டி என்றால் மருந்து எதற்கு, அடியில் இருக்கிற அடைப்பைத் திறந்து தண்ணீரை மொட்டைமாடியில் விட்டுவிடுங்கள். வெயிலில் பரவினால் புழு செத்துவிடும், சாக்கடைக்குள் விட வேண்டாம். உள்ளே தேய்த்துக் காயவிட்டு, மறுபடி மழைத் தண்ணீர் சேராமல் அடைப்பைத் திறந்தே வையுங்கள். வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மறுத்தால் கொசு வளர விடுவது 1939ம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டத்தின்படியே குற்றம், மாநகராட்சி அபராதம் போடும் என்று சொல்லுங்கள். உங்கள் சின்டெக்ஸில் மூடியை மட்டும் பார்க்காமல் வழிந்தோடும் குழாயின் வாயையும் பாருங்கள், பெரும்பாலும் கொசு அது வழியாகத்தான் உள்ளே போகும். பழைய நைலான் வலைத் துண்டு ஒன்றை மடித்து வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் போதும்.

அப்புறம் பக்கத்து மாடிகளிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வார்டு மலேரியா அலுவலகத்தில் தம்பியின் சீட்டைக் காட்டினால் ஆள் அனுப்புவார்கள். மலேரியா கேஸ் என்றால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய், அதனால் தயங்காமல் கேளுங்கள்.

ஸ்லைடு_பார்ப்பவள் (தண்டையார்பேட்டை)

ஜி6பிடி முடிவு வந்ததும் இங்கே போடுங்கள் அக்கா. பிரைமாகுயின் முடித்த பிறகும் காய்ச்சல் எப்போது வந்தாலும், அடுத்த வருடமானாலும், முன்பு விவாக்ஸ் வந்திருக்கிறது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். பழைய சீட்டுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.